முடி வளர்கிறது, நீளம் எங்கே போகிறது?

வெளிநாட்டில் படிக்கப் போன முதல் வருடம் என் அறைத்தோழியிடம் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டேன். அவள் நைஜீரியாவின் இபாதான் ஊர்க்காரி. தலை முழுக்க ஒரு விரல் உயரத்துக்கு அடர்ந்து நிற்கும் பொடிச் சுருள் முடி. அதை வெட்டி இரண்டு வருடம் ஆகிறது என்றாள். "அப்போ உன் முடி வளரவே வளராதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காதுக்கு மேலே ஒரே ஒரு சுருளைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. தோளைத் தொட்டதும் விட்டாள். ஸ்பிரிங் மாதிரி துள்ளி, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் வட்டத்தில் இதற்கு 'ஷ்ரிங்கேஜ்' என்று பெயர், அதாவது சுருக்கம். மிக நெருக்கமாகச் சுருளும் முடி தன் உண்மையான நீளத்தில் கால் பங்குதான் இருப்பதுபோலத் தெரியலாம். கண்ணுக்குத் தெரியும் நீளம் வேறு, தலையில் இருக்கும் நீளம் வேறு என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அடுத்த இரண்டு வருடம் அவளுடைய சனிக்கிழமைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது: முடியை 'வளர்க்க' அவள் எதுவுமே செய்யவில்லை. வளர்ந்ததை இழக்காமல் இருக்கத்தான் எல்லாப் பாடும்.

முதலில் ஒரு சொல். 'நேச்சுரல் ஹேர்' என்றால் நேரடிப் பொருள் இயற்கையான முடி. ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் அதைச் சொல்லும்போது, ரசாயனம் போட்டு நேராக்காத முடி என்று பொருள். ரிலாக்சர் என்கிற அந்த ரசாயனத்தில் பல வகைகளில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்த சாக்கடைக் குழாயில் ஊற்றுகிறோமே அதே காரம்தான். வேலை கிடைக்கவும் பள்ளியில் பேச்சு வாங்காமல் இருக்கவும் தலைமுறை தலைமுறையாக அதைத் தலையில் தடவிக்கொண்டார்கள். பின்னல், சுருள் முதலியவற்றுக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 'கிரவுன்' சட்டம் போட்டது 2019-ல்தான். அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். அதற்கும் வெகு முன்னால், 1786-ல், ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று ஆளுநர் ஆணையே போட்டிருந்தார். ஆக, இந்த முடியை அதன் போக்கில் வளரவிடுவது வெறும் அழகுக் குறிப்பு சமாச்சாரம் இல்லை. சரி, வரலாறு இவ்வளவு போதும். கணக்குக்கு வருவோம்.

மனிதத் தலைமுடி சராசரியாக மாதம் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் முன்பின்னாக வளர்கிறது. ஆப்பிரிக்க வகைச் சுருள் முடி அதைவிடச் சற்று மெதுவாக வளர்வதாக அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வருடத்துக்கு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளரும், அப்புறம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். இது மயிர்க்கால் நடத்தும் வேலை. மரபணு, வயது, உணவு, உடல்நலம் ஆகியவைதான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. நுனியில் நாம் எதைத் தடவினாலும் வேருக்குத் தெரியாது.

இப்போது ஒருத்திக்கு வருடம் ஒன்பது சென்டிமீட்டர் வளர்கிறது என்று வையுங்கள். அதே வருடத்தில் நுனியிலிருந்து எட்டு சென்டிமீட்டர் ஒடிந்து போகிறது. வருடக் கடைசியில் கண்ணாடி முன் நின்றால் ஒரு சென்டிமீட்டர்தான் கூடியிருக்கும். 'என் முடி தோளைத் தாண்டாது' என்று அவள் நம்பத் தொடங்கிவிடுவாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது, குடத்தில் ஓட்டை. குழாயைப் பெரிதாக்க வழியில்லை, ஓட்டையை அடைக்கலாம். நீளத்தைத் தக்கவைத்தல் என்பது இந்த ஓட்டையை அடைக்கும் வேலைதான்.

ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டுமானால் தரையில் விழுந்த முடியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால், அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாகக் குட்டையாக இருந்தால் அது ஒடிந்தது. கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்கு.

இந்த முடி மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக ஒடிகிறது? நேரான முடியைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். நெருக்கச் சுருள் முடி தட்டையான நீள்வட்டம், ரிப்பன் மாதிரி. ரிப்பனை முறுக்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நெளிவு விழும் அல்லவா, அந்த நெளிவு ஒவ்வொன்றும் ஒரு பலவீனமான இடம். போதாக்குறைக்கு, மண்டையில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடுகிறது. இங்கே அது சுருள் சுருளாகப் படியிறங்க வேண்டும். பாதி வழி கூட வராது. அதனால் வேர்ப்பக்கம் எண்ணெய்ப் பசை, நுனியில் வறட்சி. நுனிதான் தலையிலேயே வயதான பகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோளுக்கு வந்த முடியின் நுனி இரண்டு மூன்று வருடம் வெயில், தலையணை, சீப்பு எல்லாவற்றையும் பார்த்தது.

முடியின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள். ஒவ்வொரு முறை சீப்பு இழுக்கும்போதும் சில ஓடுகள் பெயரும். போதுமான ஓடுகள் போனபின் உள்ளே இருக்கும் நார் வெளியே தெரியும், பிளவுபடும், ஒருநாள் ஒடியும். இதோடு இந்தச் சுருள் தன்னைத்தானே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்ளும் குணமுள்ளது. ஒற்றை இழையில், கடுகைவிடச் சின்னதாக, விரலில் நெருடும் முடிச்சு. அதைச் சீப்பால் அவிழ்க்க முடியாது. கத்தரிக்கோல்தான்.

ஆக, காரியம் எளிது: முடியில் கை வைப்பதைக் குறை. இதற்குத்தான் லோ மேனிபுலேஷன் என்று பெயர். தினமும் அவிழ்த்து, சீவி, வேறு மாதிரி கட்டாமல், ஒருமுறை கட்டியதை நாள்கணக்கில் அப்படியே விடுவது. அதன் கூடவே சொல்லப்படும் புரொடெக்டிவ் ஸ்டைல் சற்று வேறு. அதில் நுனியை உள்ளே மடக்கிப் பின்னலுக்குள்ளோ கொண்டைக்குள்ளோ ஒளித்துவிடுவார்கள். சட்டைக் காலரிலும் நாற்காலி முதுகிலும் உரசாமல் இருக்க. இதை நான் காப்புப் பின்னல் என்று சொல்கிறேன். இரண்டையும் ஒன்று என்று குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கழுவிவிட்டு நான்கு நாள் தொடாமல் விட்ட விரித்த தலை, கை படாதது, ஆனால் நுனிக்குக் காப்பு இல்லை. தினமும் காலையில் இழுத்துச் சீவிப் போடும் கொண்டையில் நுனி ஒளிந்திருக்கிறது, ஆனால் கை ஓயவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

இது நம் வீட்டுப் பின்னல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். பள்ளிக்கூட நாட்களில் அம்மா எனக்குப் போட்ட இரட்டைச் சடையில் புருவமே அரை அங்குலம் மேலே ஏறி நிற்கும். ஆனால் அது தினமும் காலையில் அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி இழுத்துப் பின்னிய சடை. நம் முடி பெரும்பாலும் அதைத் தாங்கும். என் தோழியின் முடிக்கு அதே வைத்தியம் செய்தால் ஆறு மாதத்தில் நுனி போய்விடும்.

அவளுடைய சனிக்கிழமை இப்படி இருக்கும். காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். தலையை ஆறு பாகமாக வகிடெடுத்து ஒவ்வொன்றையும் கிளிப் போட்டு ஒதுக்குவாள். ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடித்து, உள்ளங்கை நிறையக் கண்டிஷனர் எடுத்துப் பூசுவாள். அப்புறம் சீப்பு இல்லை, விரல். நுனியிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் விரலால் கோதி, அந்த இடத்தில் சிக்கு இல்லை என்றதும் இன்னும் இரண்டு அங்குலம் மேலே. வேர்வரை போனபின்தான் அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியிலிருந்தே ஆரம்பிக்கும். மேலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய் ஒரே கட்டாக இறுகிவிடும் என்பாள். ஒரு முடிச்சு மாட்டினால் இழுக்க மாட்டாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் கண்டிஷனர், பொறுமை.

ஈர முடியைச் சீவாதே என்றுதானே நம் பாட்டிமார் சொன்னார்கள்? நேரான முடிக்கு அது சரியான பேச்சு. நனைந்த முடி இழுபடும், அதிகம் இழுத்தால் அறுந்துபோகும். நெருக்கச் சுருளுக்கோ உலர்ந்த நிலையில் சீப்பு நுழைவதே போர். தண்ணீரும் கண்டிஷனரும் சேர்ந்தால் சுருள்கள் ஒன்றோடொன்று வழுக்கி விலகுகின்றன, சீப்புக்குத் தேவைப்படும் விசை குறைகிறது. வழுக்கும் பொருள் இல்லாமல் வெறும் தண்ணீரில் சீவினால் அவர்களுக்கும் ஒடியும்தான்.

சிக்கெடுத்த பாகத்தை அலசியபின் ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே லேசான கிரீம், அதன்மேல் எண்ணெய். தண்ணீர்தான் ஈரப்பதம், எண்ணெய் அது பறந்துபோகாமல் மூடி வைக்கும் தட்டு. வறண்ட முடியில் வெறும் எண்ணெயைப் பூசுவது காலிப் பாத்திரத்துக்கு மூடி போடுகிற மாதிரி. எங்கள் அறையில் அந்த எண்ணெய் என் பெட்டியிலிருந்து போன தேங்காய் எண்ணெய்தான். அதைப் பற்றி ஒரு தகவல்: தலை குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடியிலிருந்து புரதம் வெளியேறுவது குறைகிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, நேர்ச் சங்கிலி, முடிக்குள் நுழைந்துவிடுகிறது. பாட்டி சொன்ன எல்லாமே ஆய்வில் நிற்பதில்லை, இது நின்றது.

கடைசியாக முறுக்கு. பாகத்தை விரல் தடிமனுள்ள சின்னக் கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு இழையாக்கி ஒன்றின்மேல் ஒன்றாகக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டே நுனிவரை போவாள். மூன்று இழைச் சடையைவிட இது போடவும் அவிழ்க்கவும் லேசு. ஈரத்தில் முறுக்கியது அப்படியே காயும்போது சுருள் நீண்டு நின்றுவிடும், சுருக்கம் குறையும், சுருக்கம் குறைந்தால் முடிச்சும் குறையும். மாலை நான்கு மணிக்கு நாற்பது ஐம்பது முறுக்குகளோடு எழுந்திருப்பாள். அடுத்த இரண்டு மூன்று வாரம் சீப்புக்கு விடுமுறை. நடுவில் முறுக்கை அவிழ்க்காமலே மண்டையை மட்டும் ஷாம்பூ போட்டு அலசுவாள்.

முறுக்கு தவிர வேறு வகைகள் ஏராளம். மண்டையோடு ஒட்டி வரப்பு வரப்பாகப் போகும் கார்ன்ரோ, கட்டம் கட்டமாக வகிடெடுத்துத் தொங்கவிடும் பாக்ஸ் பிரெய்ட், சுருட்டிச் சுருட்டி முட்டையாக நிறுத்தும் பான்ட்டு நாட். நைஜீரியாவின் யொருபா மக்களிடம் 'இருன் கிகோ' என்று ஒன்று உண்டு: கற்றையை வேரிலிருந்து நுனிவரை கறுப்பு நூலால் சுற்றிக் கட்டுவது. என் தோழியின் பாட்டி அவளுக்குப் போட்டது அதுதானாம். சூடான கருவி எதுவும் இல்லாமல் முடியை நேராக நீட்டி வைக்கும் இதைவிட மலிவான தொழில்நுட்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கணக்கை மிகச் சுத்தமாகச் செய்து காட்டுபவர்கள் சாட் நாட்டின் பசாரா அரபுப் பெண்கள். இடுப்பைத் தாண்டிய முடி அங்கே அபூர்வமில்லை. அவர்கள் பயன்படுத்துவது செபே என்கிற பொடி. குரோட்டன் வகைச் செடி ஒன்றின் விதையை வறுத்து இடித்து, கிராம்பு, செர்ரிக் கொட்டைப் பருப்பு, வாசனைப் பிசின் எல்லாம் சேர்த்துச் செய்வது. தலையை நனைத்து, எண்ணெய் பூசி, பொடியை அப்பி, பின்னிவிடுவார்கள். சில நாள் கழித்து அதன்மேலேயே மறுபடி ஒரு பூச்சு. வெளிநாட்டுக் கடைகளில் இந்தப் பொடி இப்போது 'முடி வளர்க்கும் அதிசயம்' என்று டப்பாவில் விற்கப்படுகிறது. ஆனால் பசாரா பெண்கள் அதை மண்டையில் தேய்ப்பதில்லை. முடியின் நீளத்தில் மட்டும்தான் பூசுகிறார்கள். வேரைத் தொடாத பொருள் எப்படி வளர்க்கும்? அது செய்வதெல்லாம் முடியை ஒரு மேல்பூச்சுக்குள் வைத்து, வறளாமல், உரசாமல், ஒடியாமல் காப்பது. பின்னலைக் கழற்றிவிட்டுப் பொடியை மட்டும் வாங்கினால் பாதி வைத்தியம் வாங்கிய கதைதான்.

இனி கொஞ்சம் எச்சரிக்கை. காப்புப் பின்னல் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது காத்துவிடாது. இறுக்கிப் போட்டால் வேரையே பிடுங்கும். நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் உள்ள மெல்லிய முடிதான் முதலில் போகும். இதை மருத்துவத்தில் டிராக்ஷன் அலோபீசியா என்பார்கள், இழுவையால் வரும் வழுக்கை. இது கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. 1907-ல் முதன்முதலாக இதைப் பதிவு செய்தது கிரீன்லாந்துப் பெண்களிடம், இறுக்கிக் கட்டிய குதிரைவால் கொண்டையால் வந்தது. தொடக்கத்திலேயே பின்னலைத் தளர்த்தினால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், அதற்குப் பிறகு முளைக்காது. ரிலாக்சர் போட்ட முடியில் இறுக்கப் பின்னல் போடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சேர்க்கை.

என் தோழிக்கே ஒருமுறை நடந்தது. தேர்வு நேரம், கையில் பொழுதில்லை என்று ஒரு கடையில் போய்ப் பொடிப்பொடியாகப் பின்னல் போட்டு வந்தாள். அன்று இரவு தலையணையில் தலை வைக்க முடியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு கவிழ்ந்து படுத்தாள். மறுநாள் நெற்றியோரம் சின்னச் சின்னக் கொப்புளம். ஒவ்வொரு பின்னலின் அடியிலும் தோல் கூடாரம் மாதிரி தூக்கி நின்றது. 'ரெண்டு நாள்ல பழகிடும்' என்று கடையில் சொல்லியிருந்தார்கள். பழகுவதற்காக அவள் காத்திருக்கவில்லை. முன்வரிசைப் பின்னல்களை மட்டும் அன்றே அவிழ்த்துவிட்டாள். போன பணம் போனது, நெற்றி தப்பியது. வலித்தால் அது இறுக்கம், இறுக்கம் என்றால் அவிழ். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

ஒட்டு முடி சேர்த்துப் பின்னும்போது எடையும் ஒரு கணக்கு. பெரும்பாலும் சேர்ப்பது கானேகலோன் மாதிரி செயற்கை இழை. இடுப்புவரை வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்தப் பாரம் முழுக்கத் தொங்குவது வேரில்தான். அதனால்தான் இப்போது 'நாட்லெஸ்' முறை பிடித்துப்போயிருக்கிறது: வேரில் முடிச்சுப் போட்டு ஒட்டு முடியைத் தொடங்காமல், சொந்த முடியில் பின்னத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டு இழையைச் சேர்த்துக்கொண்டு போவது. நேரம் அதிகம் பிடிக்கும், இழுவை குறையும். செயற்கை இழை வேண்டாம் என்பவர்கள் நிஜ முடியில் செய்த 'விக்' என்கிற பொய்முடியையோ, பின்னலோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளும் முடியையோ வாங்குகிறார்கள். அதில் கணிசமானது நம் பக்கத்திலிருந்து போவது. திருமலையில் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது சுத்தம் செய்து, நீளவாரியாகப் பிரித்து, கப்பலேறுகிறது. என் முடியும் ஏழு வயதில் அங்கே இறக்கியதுதான். எந்த ஊரில் யார் தலையில் இருந்ததோ.

எத்தனை நாள் வைக்கலாம்? சொந்த முடியில் போட்ட முறுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். ஒட்டு சேர்த்த பின்னல் ஆறு முதல் எட்டு வாரம். எப்படியானாலும் இரண்டு மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது தோல் மருத்துவர்களின் பேச்சு. பணம் கொடுத்துப் போட்டதாயிற்றே என்று நான்காவது மாதமும் வைத்திருப்பவர்கள் சேமித்த நீளத்தை அவிழ்க்கும் நாளில் மொத்தமாகத் தொலைக்கிறார்கள். காரணம் இதுதான். தினமும் உதிரும் முடி பின்னலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். எட்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 2,800 முதல் 5,600 இழை. அவிழ்க்கும்போது அது கை நிறைய வரும். பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, வெள்ளைக் குமிழைத் தேடிப் பாருங்கள். ஆனால் பின்னல் தொடங்கும் இடத்தில் அழுக்கும் நூலும் உதிர்ந்த முடியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். அதை விரலால் பிரித்து எடுக்காமல் அவசரப்பட்டு ஷவருக்கு அடியில் நின்றால், அத்தனையும் கம்பளிபோல இறுகிவிடும். முதலில் எண்ணெயோ கண்டிஷனரோ தடவிப் பிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். அவிழ்த்ததும் அடுத்த பின்னலுக்கு ஓடாமல், ஒன்றிரண்டு வாரம் தலையைச் சும்மா விடவேண்டும்.

இரவுக்கு ஒரு சாட்டின் தொப்பி, அல்லது சாட்டின் தலையணை உறை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், உரசும். அவ்வளவுதான், இதில் பெரிய ரகசியம் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் போகவேண்டாம். சின்ன முறுக்கு ஒன்று கற்றுக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிக்கெடுத்து, நுனிக்கு எண்ணெய் வைத்து, நான்கு மாதம் அதையே செய்து பாருங்கள். நுனி ஏற்கெனவே பிளந்திருந்தால் அதை வெட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும், எந்த கிரீமும் அதை ஒட்டவைக்காது. தினமும் கண்ணாடியில் இழுத்து அளப்பதும் கை வைப்பதுதான். என் தோழி நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அதே பழைய மஞ்சள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, பின்னந்தலையிலிருந்து ஒரு கற்றையை மட்டும் நீட்டிப் பிடிப்பாள். சட்டை முதுகில் மார்க்கரால் போட்ட கோடுகள் இருக்கும். நுனி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் ஊருக்குக் கிளம்பிய மாதம் அது நான்காவது கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை கீழே இருந்தது. கற்றையை விட்டாள்; துள்ளிப் போய்க் காதுக்கு மேலே உட்கார்ந்துகொண்டது.